பதினாறு லட்சத்து ஆயிரத்து ஒரு ரூபாய்

வங்கி ஏலத்தில் நாங்கள் வீடு வாங்கிய கதையை என் வீட்டுக்காரர் வாயால் கேட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் சொல்கிற கதையில் அவர் பெரிய மனசுக்காரர். கேட்கிறவர்களுக்குச் சில சமயம் கண்கூடக் கலங்கும். அந்த நேரம் பார்த்து நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். நடந்ததை நடந்தபடி ஒருமுறையாவது எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் நாங்கள் குன்றத்தூரில் குடியிருந்தோம். இருவருக்கும் ஊர் கோவில்பட்டிப் பக்கம். நான் இருங்காட்டுக்கோட்டையில், காருக்கு வயர் செட் கட்டும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். கட்டி வருகிற செட்டைப் பலகையில் மாட்டிப் பார்த்து, விளக்கு எரியாததில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிற வேலை. அவர் ஒரகடத்தில் தகடு அடிக்கும் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். ஒற்றை அறை, மூலையில் ஒரு அடுப்பு மேடை, வெளியே பொதுக் கக்கூஸ். ஓனர் அம்மாள் மாடியில் நின்று நாங்கள் பிடிக்கும் குடங்களை எண்ணுவாள். ஊரிலிருந்து யாராவது வந்தால், செருப்பைக் கழற்றும் முன்பே எத்தனை நாள் தங்குவார்கள் என்று கேட்பாள். ஆறு வருஷம் அதற்குப் பதில் சொன்னேன்.

விளம்பரத்தைப் பார்த்தது நான்தான். கம்பெனி பஸ் சீட்டில் யாரோ விட்டுப்போன பேப்பர். கடன் கட்டாதவர்களிடமிருந்து வங்கி எடுத்துக்கொண்ட சொத்துகளின் பட்டியல் அரைப் பக்கத்துக்குப் பொடி எழுத்தில் இருந்தது. அதில் ஒன்று, பிள்ளைப்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனையும் அதில் தளம் போட்ட வீடும். குறைந்தபட்ச விலை பதினோரு லட்சம். வேண்டுமென்பவர்கள் தாங்கள் தரும் விலையைப் பாரத்தில் எழுதி, முன்பணமாக ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு டிடி வைத்து, கவரை ஒட்டி, ஸ்ரீபெரும்புதூர் கிளையில் கொடுக்க வேண்டும். எல்லாக் கவரையும் ஒரே நாளில் பிரிப்பார்கள். அதிகம் எழுதியவருக்கு வீடு. கூட்டிக் கேட்பது, குறைத்துக் கேட்பது எதுவும் கிடையாது. எழுதினால் எழுதியதுதான்.

எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. வாய்ச் சவடாலுக்கு அதில் இடம் இல்லை என்று நினைத்தேன். என் வீட்டில் யார் இருக்கிறார் என்பதை அந்த நேரம் மறந்துவிட்டேன்.

அவர் மறுநாளே கம்பெனியில் போய்ச் சொல்லிவிட்டார். அவருடைய சூப்பர்வைசர் அந்தப் பக்கத்து ஆள். ஷிப்டில் நிற்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் மனை விற்பார். நிற்கும் நேரத்திலும் விற்பார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், இவர் போனில் "நார்த் ஃபேசிங்கு, கார்னர் பிளாட்டு" என்று கத்திக்கொண்டிருப்பார். விற்றதை யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், கழுத்தில் ஒரு மைனர் செயினும் கையில் இரண்டு போனுமாக எங்கள் அறைக்கே வந்துவிட்டார். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் கை கட்டி நின்றார், தன் சொந்த அறையில்.

"இன்னாமா, ஏலத்துல வூடு எடுக்கப் போறீங்களாமே? தம்பி சொல்லுச்சு. முன்னாடியே எங்கிட்ட சொல்றதில்ல?"

"இப்பதாங்க பாத்தோம்."

"அந்த வூட்டுக்குக் கவர் போடறவங்க மொத்தம் நாலு பேரு. நாலும் நம்ம ஆளுங்க. நீ பதினொண்ணு பத்து போடு. மத்தவனுங்கள அதுக்குக் கீழ போட வெக்கிறது எம்பொறுப்பு. உனுக்கு வூடு, எனுக்கு ஒரு லட்சம். அவ்ளோதான் மேட்டரு."

நான் கேட்டேன். "அந்த நாலு பேரும் ஆளுக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு டிடி எடுத்துட்டாங்களா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். டிடி என்ற ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எடுப்பானுங்கமா. எடுக்காம எங்க போவானுங்க?"

"எடுத்ததும் ஜெராக்ஸ் கொண்டாந்து காட்டுங்க. அதுக்கப்பறம் ஒரு லட்சத்தப் பத்திப் பேசுவோம்."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் என் வீட்டுக்காரரின் தோளில் கை போட்டு, எனக்குக் கேட்கும்படியே, "ஓவரா பேசுதுப்பா உன் சம்சாரம்" என்றார். இவர் தலையாட்டினார். உள்ளே வந்து என்னிடம் குதித்தார்.

"என்ன இப்பிடிப் பேசிட்ட? நாளைக்கு அவரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்க? ஓ.டி. போடுதது அவருதான்."

"அதுக்கு ஒரு லட்சம் குடுக்கணுமாக்கும்?"

அவரிடம் பதில் இல்லாதபோதெல்லாம் சட்டையைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவார். போனார்.

தொகையை நான் தனியாகத்தான் யோசித்தேன். இவரைக் கேட்டால், "நல்லா அள்ளிப் போட்டுறணும், கை விட்டுப் போயிறக் கூடாது" என்பார். அள்ளிப் போட எங்கே கொட்டிக் கிடக்கிறது என்று சொல்ல மாட்டார். கோவில்பட்டியிலிருந்து என் அண்ணன் போனில், "பதினொண்ணுக்கு மேல ஒரு ரூபா போடு, போதும்" என்றான். அவன் வாழ்நாளில் வாங்கிய பெரிய சாமான் ஒரு மிக்ஸி. ஆனாலும் யோசனை சொல்ல யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் மனை என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று, என் லைனில் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பெண்கள் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். விற்றவளிடம் கேட்டால் குறைத்துச் சொல்வாள், வாங்கியவளிடம் கேட்டால் ஏற்றிச் சொல்வாள். அடுத்த வீட்டுக்காரிதான் சரியாகச் சொல்வாள். அப்படிக் கேட்டதில் மனைக்கு எட்டு லட்சத்து நாற்பதாயிரம் வந்தது. கட்டிடம் பழசு, அதற்கு மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் தகாது. ஆக, பன்னிரண்டு முப்பது. என்னைப் போலவே யோசிக்கிற இன்னொருத்தி இருந்தால் அவளும் அங்கேதான் வந்து நிற்பாள், அல்லது முழுசாகப் பன்னிரண்டரை என்று எழுதப் பயந்து பன்னிரண்டு முப்பத்தைந்தில் நிற்பாள். அதனால் பன்னிரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரம் என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு ரூபாய் மேலே போனாலும் அந்த வீடு எனக்கு வேண்டாம். அந்தக் கணக்கில் எனக்கு இன்றும் பெருமைதான்.

எழுதுமுன் வீட்டை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று வார லீவில் போனேன். பச்சைப் பெயின்ட் அடித்த வீடு. வாசலில் ஒரு வேன் டயர் கிடந்தது. கதவில் வங்கியின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது, அதன் மேலேயே யாரோ காய்ந்த மாவிலைத் தோரணத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் வெளியே வந்தார். நான் யாரென்று சொல்லுமுன்பே தெரிந்துகொண்டு, "வாம்மா, வந்து பாரு. இன்னாத்துக்குத் தயங்கற" என்றார்.

உள்ளே அவருடைய புருஷன் ஃபேனுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். ஏதோ குடோனில் நைட் செக்யூரிட்டியாம். வீடு ஏலத்துக்குப் போகிறது, பார்க்க ஆள் வந்திருக்கிறது, மனிதர் புரண்டுகூடப் படுக்கவில்லை. அந்தம்மாள் கதையைச் சொன்னார். கம்பெனிகளுக்காக இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தபோது நிலத்தைக் கொடுத்தார்கள். வந்த பணத்தில் வீடு கட்டினார்கள். அப்புறம் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றலாம் என்று வீட்டை அடமானம் வைத்து இரண்டு வேன் வாங்கினார்கள். ஒரு வருஷம் ஓடியது. அதன்பின் கம்பெனிக்காரன் மொத்தத்தையும் ஒரு டிராவல்ஸுக்குக் கொடுத்துவிட்டான். வேன் இரண்டும் போயிற்று, கடன் நின்றது.

இந்தக் கதையை நான் அந்த ரோட்டில் பத்து முறை கேட்டிருக்கிறேன். ஒரு தாளில் கையெழுத்தில்லாமல், வாய் வார்த்தையை நம்பி வேன் வாங்குகிறவர்கள் மேல் எனக்கு இரக்கம் வந்ததில்லை. கேப்பையில் நெய் வடிகிறதென்றால் கேட்கிறவனுக்கு எங்கே போயிற்று மதி?

புறப்படும்போது அந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. என் தம்பி வெல்டிங் பட்டறை வெச்சிகினு கீறான். அவன் கவர் போடறான். அவன் எடுத்தா நாங்க இந்த வூட்லயே ஓரமா இருந்துப்போம். அவனால பதினொண்ணு, அதுக்கு மேல அஞ்சாயிரமோ பத்தாயிரமோ, அவ்ளோதான் புரட்ட முடியும். நீ சின்ன வயசு, வேற வூடு கெடைக்கும். இத வுட்டுடும்மா."

"பாக்கறேங்க" என்றேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் நினைத்தது என்னவென்று எழுதிவிடுகிறேன். என்ன பைத்தியக்காரி இவள், ஒட்ட வேண்டிய கவரைப் பிரித்து என் மடியில் வைக்கிறாளே என்றுதான் நினைத்தேன். தம்பி பதினொன்று பத்துக்கு மேல் போக மாட்டான். சூப்பர்வைசரின் நான்கு பேர் காற்றில் இருக்கிறவர்கள். அப்படியென்றால் நான் எதற்குப் பன்னிரண்டு முப்பத்தேழு எழுத வேண்டும்? குன்றத்தூரில் இறங்குவதற்குள் தொகையைப் பதினொரு லட்சத்து ஐம்பத்தேழாயிரமாகக் குறைத்துவிட்டேன். ஒரு பெண் கையைப் பிடித்துக் கெஞ்சியதில் எனக்கு எண்பதாயிரம் மிச்சம். என் வீட்டுக்காரரிடம் ஏன் குறைத்தேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பாரத்தில் எண்ணாலும் எழுத்தாலும் நானே எழுதி, டிடியை வைத்துக் கவரை ஒட்டினேன். கொடுக்க வேண்டிய நாளில் எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். அவர் அரை நாள் பர்மிஷன் போட்டுக் கொண்டுபோனார். மூன்று மணிக்குப் போன் செய்து, "போட்டாச்சு" என்றார். குரலில் ஏதோ ஒரு மிதப்பு இருந்தது. வெயிலில் அலைந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கவர் பிரிக்கும் நாளில் இருவரும் லீவு போட்டுவிட்டுப் போனோம். மேனேஜர் அறையில் அந்தம்மாளும் அவருடைய தம்பியும் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் கையில் வெல்டிங் பொறி பட்ட தழும்புகள். வேறு யாரும் இல்லை. மேஜையில் இரண்டே கவர். எனக்குள் ஒரு சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மேனேஜர் தம்பியின் கவரைப் பிரித்தார். பதினொரு லட்சத்து ஐயாயிரம். அந்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜர் எங்கள் கவரைப் பிரித்து, பாரத்தை விரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் பேனா அழுத்தம் தெரிந்தது. நான் அழுத்தி எழுதுகிறவள் இல்லை.

"பதினாறு லட்சத்து ஆயிரத்து ஒரு ரூபாய்" என்று வாசித்தார்.

"இன்னாங்க, பதினாறா?" என்றார் தம்பி. கோபத்தில் கேட்கவில்லை. ஆள் புரியாமல் கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜெயித்த முகத்தோடு மேனேஜருக்கு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார். எதிரில் கிடந்த இன்னொரு தாளில் பதினொன்று ஐந்து என்றிருப்பது அப்போதும் அவர் மண்டையில் ஏறவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேட்டேன்.

"எதுக்கு ஏத்துனீக?"

"அன்னைக்குச் சூப்பர்வைசரும் கூட வந்தாரு. மெட்ராஸ் பார்ட்டி ஒருத்தன் பதினாறு போட்டுருக்கான்னு சொன்னாரு. அவருக்கு பேங்குல ஆள் இருக்குல்லா."

"ஒட்டுன கவருக்குள்ள பதினாறு இருக்குன்னு பேங்குல உள்ளவனுக்கு எப்பிடித் தெரியும்?"

யோசித்தார். அந்த யோசனையை நான்கு நாள் முன்பு யோசித்திருக்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என் கவரைக் கிழித்து, வங்கியில் வேறு பாரம் வாங்கி, அந்த ஆள் சொல்லச் சொல்ல இவர் எழுதியிருக்கிறார்.

"அந்தக் கடைசி ஒரு ரூபா எதுக்கு?"

"மொய்க்கு வைக்கதில்லையா, அது மாதிரி. ராசிக்கு."

நான் எழுதிய தொகைக்கும் அவர் எழுதிய தொகைக்கும் நான்கு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் வித்தியாசம். ராசி ரூபாய் தனி. சூப்பர்வைசர் என்னைப் பழிவாங்கத்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை வெறும் வாய்ப்பழக்கமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வாய்ப்பழக்கமாகத்தான் இருக்க வேண்டும். பழிவாங்கத் திட்டம் வேண்டும், திட்டத்துக்கு மூளை வேண்டும்.

அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். டிடியில் வைத்த ஒரு லட்சத்துப் பத்தாயிரம் போயிருக்கும், அவ்வளவுதான். பன்னிரண்டு முப்பது பெறும் வீட்டுக்குப் பதினாறு கொடுப்பதைவிட அது குறைந்த நஷ்டம். கணக்கு தெரிந்தவள் என்று மார்தட்டுகிறவள் நான், அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் குன்றத்தூருக்குத் திரும்பிப் போய், மாடியில் நிற்கிற ஓனர் அம்மாளிடம் "வீடு அமையலைங்க" என்று சொல்வதை நினைத்தேன். முடியவில்லை. மறுநாள் கால் பங்கைக் கட்டினோம். மீதிக்கு அந்த வங்கியிலேயே கடன் வாங்கினோம். அது போதாமல், என் நகையில் தாலிக்கொடி உட்பட எல்லாவற்றையும் விற்றேன். மஞ்சள் கயிற்றில் இரண்டு வருஷம் வேலைக்குப் போனேன். இவர், "கயிறுதான் உனக்கு அழகா இருக்கு" என்றார். அன்று அவருக்குச் சோறு வைக்கவில்லை.

சாவி வாங்கும் நாளில்தான் அந்தம்மாளை மறுபடி பார்த்தேன். சாமான்களை ஒரு மினி லாரியில் ஏற்றியிருந்தார்கள். தம்பியின் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் போய் இருக்கப்போகிறார்களாம். வீடு முழுவதையும் கழுவிவிட்டு, வாசலில் கோலம் போட்டு வைத்திருந்தார். திட்டுவார், சாபம் விடுவார் என்று நினைத்துப் போனேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

அவர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நான் உங்கிட்ட வுட்டுடுன்னு கேட்டேன். நீ வுடல. அன்னிக்கு உம்மேல அப்டி ஒரு கோவம் எனுக்கு. அப்பறம் மேனேசரு சொல்றாரு, நீங்க போட்டதுல மொத்தக் கடனும் அடைஞ்சி, மேல ஒண்ணே முக்கால் லட்சம் எங்க கைக்கு வருதுன்னு. என் தம்பி எடுத்திருந்தாக்கூட மிச்சக் கடனுக்கு அவனுங்க எங்களத் தொரத்திகினுதான் இருந்திருப்பானுங்க. பதினொண்ணுக்கு எடுக்க வேண்டிய வூட்டுக்கு யாருமா பதினாறு குடுப்பா? நான் சொன்னத மனசுல வெச்சிகினு குடுத்திருக்கீங்க. நல்லா இருப்பீங்க."

கடனுக்கு மேல் வருகிற பணம் கடன் வாங்கியவருக்கே திரும்பும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. என் தாலிக்கொடி யார் கைக்குப் போயிற்று என்பது அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. "இல்லைங்க, நாங்க குடுக்கல, இந்த மனுஷன் ஏமாந்துட்டாரு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற அந்த மனுஷன், தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, கையை மார்பில் வைத்து, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா. மனுசனுக்கு மனுசன்" என்றார்.

அவரை எத்தனையோ முறை வெறுத்திருக்கிறேன். அந்த ஒரு நொடி அளவுக்கு வெறுத்ததில்லை. அந்தம்மாளின் புருஷன், தூங்கிக்கொண்டே இருந்தாரே அவர், லாரியிலிருந்து இறங்கி வந்து என் வீட்டுக்காரரைக் கும்பிட்டார். இவர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். எல்லாம் பழகியவர் மாதிரி செய்தார்.

நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு முப்பத்தேழு எப்படிப் பதினொன்று ஐம்பத்தேழு ஆயிற்று என்று சொல்ல வேண்டும். அந்தம்மாளின் கை என் கையில் இருந்தது.

அதன்பின் மனை விலை ஏறியது. ஏற ஏற இவருடைய பேச்சும் ஏறியது. முதலில் என்னிடம் "தெரியாம நடந்துருச்சு" என்றவர், ஒரு வருஷத்தில் "நான் அப்பவே நினைச்சேன், இந்த ரோடு ஏறும்னு" என்றார். இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் போய், அந்தம்மாளின் கதை வந்து உட்கார்ந்தது. ஏழைக் குடும்பத்தின் கடனை அடைக்கத்தான் கூடப் போட்டதாக, தன் கம்பெனியில் அதே சூப்பர்வைசரிடமே சொன்னாராம். அந்த ஆளும், "உன் மனசு யாருக்குப்பா வரும்" என்றானாம். இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பேசியிருப்பார்கள். பொய் என்று இருவருக்குமே தெரியும். எப்படி முகத்தைப் பார்த்துக்கொண்டார்களோ!

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் எங்கள் கம்பெனி கேன்டீன் கான்ட்ராக்ட் மாறியது. புது ஆட்களில் அந்தம்மாளும் இருந்தார், பரிமாறுகிற இடத்தில், தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு. வரிசையில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்றவளிடம், "இவங்கதான், நான் சொல்லல?" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு வடை. என் தட்டில் இரண்டு வைத்தார்.

"வேண்டாங்கம்மா, எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன்.

"நீ சும்மா இரு. யார் கேக்கறாங்க பாக்கறேன்."

நான் கம்பெனியை விட்டது இரண்டாயிரத்துப் பதினைந்தில். அதுவரை ஷிப்ட் ஒத்துப்போன நாளெல்லாம் இரண்டு வடை வந்தது. வேறு வரிசையில் நின்று பார்த்தேன். தேடி வந்து வைத்துவிட்டுப் போனார். என் மேஜையில் உட்காரும் பெண்கள் ஏன் என்று கேட்டார்கள். தெரிந்தவங்க என்று மட்டும் சொன்னேன். முதலில் சில நாள் அந்த இரண்டாவது வடையைப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். அங்கிருந்து அந்தம்மாள் பார்த்துக்கொண்டே நிற்பார், முகம் வாடிவிடும். அதனால் நானே தின்றேன். நன்றாகத்தான் இருக்கும், ஓரம் மொறுமொறுவென்று.